யானை வருவதைச் சொல்லும் சென்சார்: பணம் போடலாமா?

கருவியும் கழனியும் – வாசகர் கேள்வி, பதில்

கேள்வி 1: எங்கள் ஊர் மலை அடிவாரம். எனக்கு நாலு ஏக்கர் வாழை, ஓரத்தில் தென்னை. காட்டு எல்லையில் இருந்து தோட்டம் ஒரு கூப்பிடு தூரம்தான். போன மாதம் மட்டும் மூன்று இரவு யானை இறங்கியது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் இரவுக் காவலுக்குச் சாளையில் படுத்திருந்தார். நாய் குரைத்ததால் எழுந்து ஓடி உயிர் தப்பினார். இப்போது ஒருவர் வந்து, ‘வயர்லெஸ் சென்சார் வைத்தால் யானை வருவது செல்போனுக்கே தெரிந்துவிடும்’ என்கிறார். ஒரு செட் 42,000 ரூபாய். பதினோரு பேர் சேர்ந்து ஆளுக்கு ஒரு செட் வாங்கலாம் என்று பேச்சு நடக்கிறது. என் மச்சானோ, ‘அதெல்லாம் வேண்டாம், கம்பியில் கரன்ட் விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கு’ என்கிறார். எதைச் செய்வது?

– ஒரு வாசகர், தொண்டாமுத்தூர் வட்டாரம், கோவை மாவட்டம்.

பதில்: முதலில் மச்சானுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டவே வேண்டாம். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே தோட்டத்துக் கம்பியில் திருட்டுத்தனமாக விட்ட மின்சாரத்தில் மூன்று யானைகள் ஒரே இரவில் இறந்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் செத்துக் கிடந்தவற்றைச் சுற்றிச் சுற்றி வந்ததை அன்று தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அந்தத் தோட்டக்காரர் கைதானார். யானை, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு. அதைக் கொன்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. மின் திருட்டு வழக்கு தனி. இதைவிடப் பெரிய விஷயம், அந்தக் கம்பிக்கு யானை எது, ஆள் எது என்று தெரியாது. விடியலில் தண்ணீர் திருப்ப வருகிறவர், தவறிப்போன மாட்டைத் தேடி வருகிற பக்கத்து வீட்டுப் பையன் யாராக இருந்தாலும் அதே கதிதான்.

சூரிய மின்வேலியை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். முறையாகச் செய்த சூரிய மின்வேலியில் மின்சாரம் தொடர்ந்து ஓடாது. நொடிக்கு ஒருமுறை போல, கண் இமைப்பதைவிடக் குறைந்த நேரத்துக்கு ஒரு துடிப்பு வந்து போகும். அதிர்ச்சி தரும், உயிரை எடுக்காது. அதற்கும் இப்போது விதி இருக்கிறது. தமிழ்நாடு மின்வேலிகள் பதிவு மற்றும் ஒழுங்குமுறை விதிகள் 2023-ல் வந்தன. காப்புக்காட்டு எல்லையில் இருந்து 5 கிலோமீட்டருக்குள் மின்வேலி போடுவதானால் வனத்துறையில் பதிவு செய்து அனுமதி வாங்க வேண்டும். உங்கள் தோட்டம் கூப்பிடு தூரம் என்கிறீர்கள். எனவே இது உங்களுக்கும் பொருந்தும்.

இனி சென்சாருக்கு வருவோம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

உங்களில் பலர் மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் வைத்திருக்கிறீர்கள். வீட்டில் இருந்து போன் செய்தால் மோட்டார் ஓடுகிறது. தண்ணீர் வற்றினால் அதுவே நின்று நமக்குச் செய்தி அனுப்புகிறது. வயர்லெஸ் சென்சாரும் அதன் தம்பிதான். ஒரு பெட்டிக்குள் நாலு உறுப்புகள் இருக்கும். சூட்டையோ, அதிர்வையோ, சத்தத்தையோ உணரும் சென்சார் ஒன்று. அதைப் பார்த்து முடிவெடுக்கும் சிறிய சிப் ஒன்று. செய்தியை அனுப்பும் ரேடியோ ஒன்று. இவற்றுக்குச் சோறு போடும் பேட்டரி, அதற்குச் சின்ன சோலார் தகடு. இப்படிப் பல பெட்டிகளைக் காட்டோரம் பரப்பி வைத்தால், அவை தங்கள் செய்தியை ஒரு மையப் பெட்டிக்கு அனுப்பும். மையப் பெட்டியில் இருந்து இணையம் வழியாகச் செல்போனுக்கு வரும்.

இந்தத் தொழில்நுட்பத்தின் ஆரம்பகால முயற்சிகளில் ஒன்று இயற்கைப் பகுதியைக் கவனிக்கும் வேலைதான். 2002-ல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடலோரத்தில் உள்ள கிரேட் டக் தீவில், கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தினர் 32 சிறு கருவிகளை வைத்தார்கள். அங்கே மண்ணில் வளை தோண்டி முட்டையிடும் ஒரு கடற்பறவை உண்டு. மனிதர் அடிக்கடி போய்ப் பார்த்தால் கூட்டை விட்டுவிடும் என்பதால், வளைக்குள் கருவியை வைத்து, வெப்பத்தையும் ஈரத்தையும் தூரத்தில் இருந்தே அறிந்தார்கள். அந்த முயற்சி உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் கணினிப் பாடம் அல்ல. பெட்டிக்குள் ஈரம் புகுந்தால் எல்லாம் போச்சு என்பதுதான். நம் ஊரில் தென்மேற்குப் பருவமழையும் எறும்பும் குரங்கும் சேர்ந்துகொள்ளும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படிக் கண்டுபிடிக்கும், எங்கே ஏமாறும்?

விற்க வருகிறவர் ‘சென்சார்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவார். எந்தச் சென்சார் என்று கேளுங்கள். ஒவ்வொன்றும் ஏமாறும் இடம் வேறு.

*உடல் சூட்டை உணரும் சென்சார்:* கடைகளிலும் வீட்டு வாசலிலும் ஆள் வந்தால் தானாக விளக்கு எரிகிறதே, அதே சரக்கு. விலை குறைவு. ஆனால் சாதாரணமாகப் பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான் எட்டும். நாய், மாடு, காட்டுப்பன்றி எது போனாலும் கத்தும். வெயிலில் சூடேறிய இலை காற்றில் ஆடினாலும் கத்தும்.

*கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்:* இரண்டு கம்பங்களுக்கு இடையே அகச்சிவப்புக் கதிர் ஓடும். நடுவில் ஏதாவது மறித்தால் மணி அடிக்கும். கம்பத்தில் ஆறேழு அடி உயரத்தில் கட்டினால் நாயும் பன்றியும் கீழே போய்விடும், யானை மட்டும் மாட்டும். இது நல்ல யோசனை. ஆனால் கொடி வளர்ந்து மறைத்தாலும், கம்பம் கொஞ்சம் சாய்ந்தாலும் கெட்டுவிடும். குட்டி தனியாக முன்னே வந்தால் தப்பிவிடும்.

*தரை அதிர்வு:* மண்ணுக்குள் புதைக்கும் சென்சார். யானையின் காலடியைத் தரை வழியே உணரும். டிராக்டர், லாரி, பக்கத்துப் போர்வெல் வேலை எல்லாமே அதற்குக் காலடிதான். வடகிழக்கு எல்லை ரயில்வேயில் 2022 டிசம்பர் முதல் இதே தத்துவத்தைத் தண்டவாளத்தை ஒட்டிய கண்ணாடி இழைக் கேபிளில் பயன்படுத்தி வருகிறார்கள். ‘கஜராஜ்’ என்று பெயர். அங்கே கேபிள் முழுவதுமே சென்சார்.

*வெப்பப் படக் கேமரா:* இருட்டிலும் உடல் சூட்டைப் படமாகக் காட்டும். அந்தப் படத்தைக் கணினி பார்த்து யானையா, மாடா, ஆளா என்று பிரிக்கும். நான்கிலும் இதுதான் நம்பகமானது. விலையும் இதுதான் அதிகம்.

அந்த விலைக்குக் கணக்கு உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. மதுக்கரை வனப்பகுதி வழியாகப் பாலக்காடு போகும் ரயில் பாதையில், 2021 நவம்பரில் நவக்கரை அருகே ஒரே ரயிலில் அடிபட்டு மூன்று யானைகள் இறந்தன. அதன் பிறகு 2024 பிப்ரவரியில் அங்கே செயற்கை நுண்ணறிவு எச்சரிக்கை அமைப்பைத் தொடங்கினார்கள். 7 கிலோமீட்டர் தூரத்துக்கு 12 கோபுரங்கள், அவற்றில் வெப்பப் படக் கேமராக்கள். யானை தண்டவாளத்தை நெருங்கினால் கட்டுப்பாட்டு அறைக்கும் ரயில்வேக்கும் செய்தி போகும், ரயில் வேகத்தைக் குறைக்கும். செலவு 7 கோடியே 24 லட்சம். கிலோமீட்டருக்கு ஒரு கோடிக்கு மேல் ஆகிறது. 42,000 ரூபாய் பெட்டி இதே வேலையைச் செய்யும் என்று யாராவது சொன்னால், எங்கேயோ ஏதோ விடுபட்டிருக்கிறது என்று பொருள்.

உங்களுக்குக் கிடைப்பது எத்தனை நிமிடம்?

நிதானமாக நடக்கும் யானை மணிக்கு நாலைந்து கிலோமீட்டர் போகும். நிமிடத்துக்கு 70 முதல் 80 மீட்டர். சென்சாரை உங்கள் வேலியில் வைத்தால், வேலியில் இருந்து 200 மீட்டர் உள்ளே இருக்கும் சாளைக்கு யானை மூன்று நிமிடத்துக்குள் வந்துவிடும். அதற்குள் போன் அடிக்க வேண்டும், நீங்கள் விழிக்க வேண்டும், முடிவெடுக்க வேண்டும். அந்த மூன்று நிமிடம் உயிரைக் காப்பாற்றப் போதும். வாழையைக் காப்பாற்றப் போதாது.

சென்சார் காட்டுக்குள் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் 12 நிமிடத்துக்கு மேல் கிடைக்கும். வனக் காவலர் வண்டி கிளம்பவும், ஊரே உஷாராகவும் அது உதவும். ஆனால் காப்புக்காட்டுக்குள் நீங்களோ நானோ ஒரு கம்பம்கூட நட முடியாது. அது வனத்துறை செய்ய வேண்டிய வேலை. அதனால்தான் சொல்கிறேன், பட்டா நிலத்து வேலியில் தனியாள் வைக்கும் சென்சார் ஆளைக் காக்கும் கருவி. பயிரைக் காக்கும் கருவி என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். பெட்டி ஓர் இரவுக்கு நாலு முறை வீணாகக் கத்துகிறது என்று வைப்போம். மாதத்துக்கு 120 முறை. யானை வந்ததோ மூன்று இரவு. ஆக 123 முறை போன் அடித்ததில் மூன்றுதான் உண்மை. மூன்றாவது வாரம் போனை அணைத்து வைத்துவிட்டுத் தூங்குவீர்கள். யானை நாலாவது வாரம் வரும். இதற்குக் கருவியைக் குறை சொல்லியும் பயனில்லை, ஆளைக் குறை சொல்லியும் பயனில்லை.

வால்பாறையில் என்ன செய்தார்கள்?

கம்பெனி ஆள் சொல்லாத ஒரு கதை உங்கள் மாவட்டத்து மலை மேலேயே இருக்கிறது. வால்பாறை மேட்டுநிலம் சுமார் 220 சதுர கிலோமீட்டர். தேயிலை, காப்பித் தோட்டங்கள். சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகமும் கேரளக் காடுகளும். யானை தோட்டத்துக்குள் வந்து போவது அங்கே தினசரி நடப்பு. அங்கே நடந்த உயிரிழப்புகளை இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். பெரும்பாலானவை, யானை அங்கே நிற்பதே தெரியாமல் எதிரில் போய்ச் சிக்கியதால் நடந்தவை. வேலை முடித்து இருட்டில் நடந்து வருகிறவர், பேருந்தில் இருந்து இறங்கி லயத்துக்குப் போகிறவர்.

ஆகவே அவர்கள் விரட்டுவதில் இறங்கவில்லை, தெரியப்படுத்துவதில் இறங்கினார்கள். மாலையில் யானை எந்தத் தோட்டத்தில் நிற்கிறது என்பதை உள்ளூர்க் கேபிள் டிவியில் எழுத்தாக ஓடவிட்டார்கள். 2011-ல் இருந்து பதிவு செய்தவர்களின் செல்போனுக்குக் குறுஞ்செய்தி போனது. உயரமான இடங்களில் சிவப்பு விளக்குகளைக் கட்டினார்கள். பக்கத்தில் யானை இருந்தால், பொறுப்பில் இருக்கும் உள்ளூர் ஆள் தன் செல்போனில் இருந்தே அந்த விளக்கை எரிய வைப்பார். நம் மொபைல் ஸ்டார்ட்டரில் மோட்டாருக்குப் பதில் விளக்கு, அவ்வளவுதான். சிவப்பு எரிந்தால் அந்தப் பாதையில் யாரும் போகக் கூடாது. உயிரிழப்பு வெகுவாகக் குறைந்தது. இந்த வேலைக்காக ஆய்வாளர் ஆனந்தகுமாருக்கு 2015-ல் விட்லி விருது கிடைத்தது.

இதில் முக்கால்வாசி ‘சென்சார்’ மனிதக் கண்கள்தான். யானையைப் பார்த்தவர் சொல்கிறார், கருவி அந்தச் செய்தியைப் பரப்புகிறது. யார் சொல்வது, யாருக்குச் சொல்வது, கேட்டவர் என்ன செய்வது என்ற மூன்றும் முதலில் முடிவானதால் அது வேலை செய்தது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 2023-ல் அரிக்கொம்பன் யானையைக் கேரள வனத்துறை பிடித்து, கழுத்தில் செயற்கைக்கோள் ரேடியோ காலர் மாட்டிப் பெரியாறு காட்டில் விட்டது. இருக்கும் இடம் தெரிந்துகொண்டேதான் இருந்தது. இருந்தும் அந்த மே மாதக் கடைசியில் கம்பம் நகரத் தெருவுக்குள் அது ஓடியதை யாராலும் தடுக்க முடியவில்லை. இடம் தெரிவது வேறு, தடுப்பது வேறு.

ஆகவே என் யோசனை

பதினோரு பேரும் ஆளுக்கொரு செட் வாங்க வேண்டாம். 4,62,000 ரூபாய் போகும், பதினோரு வேலியும் பதினோரு விதமாகக் கத்தும். யானை கண்ட இடத்தில் இறங்குவதில்லை. பெரும்பாலும் அதே பள்ளம், அதே ஓடைக்கரை, அகழி சரிந்த அதே இடம்தான். உங்கள் ஊரில் அந்தத் தடம் எது என்று வயதான காவல்காரர்களுக்குத் தெரியும். அவர்களை உட்கார வைத்து ஒரு தாளில் வரையுங்கள். மூன்று தடம் என்றால் மூன்று செட் போதும். 1,26,000 ரூபாய், ஆளுக்கு 11,500-க்குள் முடியும். உயரத்தில் கட்டிய ஒளிக்கதிர் வகையாக இருந்தால் நல்லது. மூன்றுக்கும் சேர்த்து ஊர் நடுவில் ஒரு சைரன், ஒரு சிவப்பு விளக்கு. யாருடைய வேலியில் வந்தாலும் பதினோரு பேருக்கும் தெரிய வேண்டும்.

பணம் கொடுக்கும் முன் விற்பவரிடம் இவற்றைக் கேளுங்கள்:

1. ஒரு மாதம் இனாமாக வைத்துக் காட்டுவாரா? மாட்டேன் என்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம்.

2. அந்த மாதத்தில் எத்தனை முறை கத்தியது, அதில் எத்தனை உண்மை என்ற பதிவை நீங்களே நோட்டில் எழுதுங்கள். அவர் காட்டும் வீடியோவைவிட அந்த நோட்டு பெரிது.

3. செய்தி சிம் கார்டு வழியாகப் போகிறதா, லோரா ரேடியோ வழியாகவா? அடிவாரத்தில் டவர் கிடைக்காத பள்ளத்தில் சிம் பெட்டி ஊமை. லோரா என்றால் வெட்டவெளியில் சில கிலோமீட்டர் போகும், ஆனால் மேடும் அடர்ந்த மரமும் தூரத்தைக் குறைக்கும். இந்தியாவில் அதற்கு 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையை, அனுமதித்த சக்திக்குள், உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். பெட்டி அதில்தான் இயங்குகிறதா என்று எழுதி வாங்குங்கள்.

4. நாலு நாள் வெயிலே இல்லாமல் மழை பிடித்தால் பேட்டரி தாங்குமா?

5. பெட்டி இறந்துவிட்டால் அது இறந்துவிட்டது என்று செய்தி வருமா? இது முக்கியம். சத்தம் இல்லை என்றால் யானை இல்லை என்று நம்பித்தான் ஆள் படுப்பார்.

6. வருடச் சந்தா உண்டா? பழுதானால் எத்தனை நாளில் ஆள் வருவார், எங்கிருந்து வருவார்?

சந்தா கட்டவும், செடியை வெட்டி விடவும், பேட்டரி பார்க்கவும் மாதம் ஒருவர் என்று முறை வையுங்கள். அது எழுதப்படாத ஊரில் எந்தக் கருவியும் இரண்டாவது மழையைத் தாண்டாது.

மணி அடித்தால் என்ன செய்வது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். தனியாகப் பட்டாசும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு இருட்டுக்குள் இறங்குவதற்காக அல்ல இந்த மணி. சாளையில் படுத்திருப்பவர் வலுவான கட்டடத்துக்குள் போக வேண்டும், மற்றவர் வெளியே வரக் கூடாது, ஒருவர் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். யானை வந்த வழியே திரும்பிப் போக வழி விட வேண்டும். காட்டுப்பக்கம் சத்தம் போட்டு அதை ஊர்ப்பக்கம் தள்ளிவிடாதீர்கள். பழுத்த தாரைத் தோட்டத்தில் தொங்கவிடாமல் இறக்குவதும், அரிசி, உப்பு, தவிட்டு மூட்டையைச் சாளையில் வைக்காமல் இருப்பதும் பைசா செலவில்லாத காவல்.

கடைசியாக, காட்டுக்குள் ஒரு கிலோமீட்டர் தள்ளிச் சென்சார் வேண்டும் என்று பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டு, கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றி, மாவட்ட வன அலுவலரிடம் கொடுங்கள். தடம் வரைந்த தாளையும் நோட்டையும் சேர்த்துக் கொடுங்கள். ‘யானைத் தொல்லை அதிகம்’ என்ற மனு அலமாரிக்குப் போகும். ‘இந்த மூன்று தடத்தில், இந்தத் தேதிகளில், இந்த நேரத்தில்’ என்ற மனுவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

கேள்வி 2: காட்டுக்குள் மரத்துக்கு மரம் கேமரா கட்டியிருக்கிறார்கள். புலியைப் பார்க்க என்கிறார்கள். எங்கள் பெண்கள் விறகுக்கும் சீமாறுப் புல்லுக்கும் போகிறவர்கள். இனி ஒதுங்கக்கூட பயமாக இருக்கிறது என்கிறார்கள். இது சரியா?

– ஒரு வாசகி, சத்தியமங்கலம் வட்டாரம், ஈரோடு மாவட்டம்.

பதில்: கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள் அம்மா. அந்தக் கேமராக்கள் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் புலிக் கணக்கெடுப்புக்கு வேண்டியவை. புலியின் வரி நம் கைரேகை மாதிரி, ஒன்றைப் போல இன்னொன்றுக்கு இராது. படத்தை வைத்துத்தான் எண்ணுகிறார்கள். 2018 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள். அது கின்னஸ் சாதனையாகவும் பதிவானது. கிடைத்த படங்கள் மூன்றரைக் கோடிக்குச் சற்றுக் குறைவு. அதில் புலி இருந்தது 76,651 படங்களில், சிறுத்தை இருந்தது 51,777 படங்களில். மற்றவற்றில் என்ன இருக்கும்? மான், மாடு, காற்றில் ஆடிய புல், வழியில் போன மனிதர்கள்.

அந்த மனிதப் படங்கள்தான் சிக்கல். உத்தராகண்டின் கார்பெட் புலிகள் காப்பகத்தை ஒட்டிய கிராமங்களில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் தங்கி எழுதிய ஆய்வு 2024-ல் வெளிவந்தது. கேமராவுக்குப் பயந்து பெண்கள் காட்டுக்குள் பாடுவதையும் உரக்கப் பேசுவதையும் குறைத்துக்கொண்டார்கள் என்று அது சொல்கிறது. அவர்கள் பொழுதுபோக்குக்காகப் பாடவில்லை. நாம் வருகிறோம் என்று யானைக்கும் புலிக்கும் தெரியட்டும் என்றுதான் பாடினார்கள். கேமராவுக்கு மறைந்து பழக்கமில்லாத இடங்களுக்குப் போனதும் நடந்தது. ஒரு பெண் ஒதுங்கும்போது பதிவான படம் வாட்ஸ்அப்பில் பரவிய அவலமும் அதில் இருக்கிறது. விலங்கைக் காக்க வைத்த கருவி, பெண்ணை விலங்கிடமே தள்ளுவது எந்தக் கணக்கிலும் சரியல்ல.

கேமராவை உடைக்காதீர்கள். அது வழக்காக வரும், உங்கள் நியாயமும் அதோடு போய்விடும். கிராம சபையில் நாலு விஷயம் கேளுங்கள். எந்தப் பாதைகளில், எந்த மாதங்களில் கேமரா இருக்கும் என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். பெண்கள் ஒதுங்கும் பகுதி எது என்பதைப் பெண் ஊழியர் வழியாகக் கேட்டு, அங்கே வைக்காமல் தவிர்க்க வேண்டும். மனிதர் விழுந்த படங்களை யார் பார்க்கிறார், எப்போது அழிக்கிறார் என்று சொல்ல வேண்டும். மனித நடமாட்டம் மிகுந்த இடத்தில் எச்சரிக்கைக்காக வைப்பதானால், முகம் பதியாத தரை அதிர்வு அல்லது ஒளிக்கதிர்ச் சென்சார் போதுமா என்று பார்க்க வேண்டும். 2006 வன உரிமைச் சட்டத்தின்படி உங்கள் ஊருக்குச் சமூக வன உரிமை கிடைத்திருந்தால், இதைக் கேட்கும் குரலுக்கு இன்னும் வலு உண்டு. அதுவரை, பாடிக்கொண்டே போங்கள். தனியாகப் போகாதீர்கள்.

கேள்வி 3: சொட்டுநீருக்கு மண் ஈரம் காட்டும் சென்சார் வைத்திருக்கிறேன். நன்றாக வேலை செய்கிறது. இதேபோல மலையில் சென்சார் வைத்துக் காட்டுத்தீயை முன்பே அறிய முடியாதா?

– ஒரு இளம் விவசாயி, போடி, தேனி மாவட்டம்.

பதில்: முடியும் தம்பி, ஆனால் எல்லா மலையிலும் அல்ல. உங்கள் வயலில் ஒரு பாத்திக்கு ஒரு சென்சார் போதும், ஏனென்றால் பாத்தி சிறியது. மலை பெரியது. புகையையும் வெப்பத்தையும் உணரும் பெட்டி தன்னைச் சுற்றிய கொஞ்ச இடத்தைத்தான் காக்கும். சாலையோரம், மலையேற்றப் பாதை, ஊர் எல்லை என்று தீ பிறக்கும் இடங்களில் வைத்தால் பலன் உண்டு.

மலை முழுவதையும் பார்ப்பது செயற்கைக்கோள்தான். தீயின் சூட்டை அது மேலிருந்து உணரும். இந்திய வன அளவை நிறுவனம் அந்தத் தகவலை எடுத்துக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறது. வன ஊழியர் மட்டுமல்ல, பொதுமக்களும் தங்கள் பகுதியைக் குறிப்பிட்டு அதன் இணையதளத்தில் இலவசமாகப் பதிவு செய்துகொள்ளலாம். உங்களைப் போன்றவர்கள் ஊருக்கு இரண்டு பேர் பதிவு செய்தாலே போதும். குறை என்னவென்றால், செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் வரும் நேரத்தில்தான் பார்க்கும். இடைப்பட்ட நேரத்தில் பிடித்த தீ வளர்ந்துவிடும். மேகம் மறைத்தாலும் தெரியாது. அதனால் மலை மேல் இருக்கும் ஆளின் கண்ணும், அவர் கையில் இருக்கும் போனும் இன்றும் தேவை.

2018 மார்ச் 11-ஆம் தேதி குரங்கணி மலையில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை உங்கள் ஊர் மறந்திருக்காது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை புல் காய்ந்து கிடக்கும். அந்த மூன்று மாதம் மலையோர வரப்பில் சருகு, தட்டை எதையும் எரிக்காதீர்கள். மக்க வைத்தால் நிலத்துக்கு உரம். காட்டு எல்லையை ஒட்டிய பக்கம் சில அடி அகலத்துக்குச் சருகைக் கூட்டி வெறும் மண்ணாக வைத்திருங்கள். அதற்குப் பேட்டரியும் வேண்டாம், டவரும் வேண்டாம்.

*உங்கள் ஊரில் யானை, பன்றி, தீ எதற்காவது சென்சார் வைத்துப் பார்த்திருந்தால், எத்தனை முறை உண்மையாகக் கத்தியது, எத்தனை முறை வீணாகக் கத்தியது என்ற கணக்கோடு எழுதி அனுப்புங்கள். நல்லதும் கெட்டதும் இரண்டுமே மற்ற வாசகருக்குப் பயன்படும். தொண்டாமுத்தூர் வாசகர், ஒரு மாதச் சோதனை நடந்தால் அந்த நோட்டின் நகலை அவசியம் அனுப்ப வேண்டும்.*